இரண்டு சேலம்... ஒரு கப்பல்... ஒரு தூரத்துச் சொந்தம்!

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். லேடீஸ் சீட்டில் நின்று, கீழே மினுக்கும் சேலத்தைச் செல்போனில் பிடிப்பார்கள். சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ‘உங்க பூர்வீகம் எதுங்க?’ என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால் ஓர் அருமையான கதை கிடைக்கும். (பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் மலையில் வாழும் தமிழ் பேசும் மக்கள்.)

கதை இதுதான். முன்னோர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள். அங்கிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கிளம்பி வந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கிவிட, மற்ற இருவரும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள். ஊருக்கு ஊர் இந்தக் கதை கொஞ்சம் மாறும். ஆனால், காஞ்சிபுரமும் மூன்று அண்ணன் தம்பிகளும் மாறுவதில்லை. 1909ல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் இந்தக் கதை ஏறியிருக்கிறது.

அப்படியே ஒரு தாவு தாவி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே பழைய குடும்பத்துக்காரர் யாரிடமாவது ‘உங்கள் முன்னோர் இங்கிலாந்தில் எந்த ஊர்?’ என்று கேட்டால், பாதிப் பேர் சொல்லும் பதில் என்ன தெரியுமா? ‘அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கப்பலில் வந்தார்களாம். ஒருவர் வடக்கே போனார், ஒருவர் தெற்கே போனார், இன்னொருவர் மேற்கே போனார்!’

அங்கே வம்சாவளி ஆய்வு செய்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டாலே சிரித்துவிடுவார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று ஊர்களில் இருந்தால், அதற்குக் காரணம் சொல்ல மூன்று சகோதரர்கள் வேண்டியிருக்கிறது. பேரன்கள் சேர்ந்து தாத்தாக்களைப் படைத்துக்கொள்கிறார்கள். ஆனால், எல்லாமே கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1620ல் மேஃபிளவர் கப்பலில் போன எட்வர்ட் வின்ஸ்லோவின் குடும்பத்தில், முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்த சகோதரர்கள் மூவர் அல்ல... ஐந்து பேர்!

வின்ஸ்லோ என்ற பெயரை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? தமிழ் அகராதி புரட்டியவர்களுக்கு நிச்சயம் தெரியும். 1862ல் சென்னையில் வெளியான, 67,000க்கும் அதிகமான சொற்கள் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதியைத் தந்த மிரன் வின்ஸ்லோ, அந்த ஐவரில் ஒருவரான கெனெல்மின் வழியில் வந்தவர். பூர்வீகம் இங்கிலாந்தின் உஸ்டர்ஷைர் மாவட்டத்தில் உள்ள டிராய்ட்விச்.

இந்த வின்ஸ்லோவைத் தொட்டுக்கொண்டு ஏற்காட்டுக்கே திரும்ப வரலாம். வின்ஸ்லோ யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அங்கே வந்து சேர்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் பீட்டர் பெர்சிவல். ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர். சென்னையில் ‘தினவர்த்தமானி’ பத்திரிகையைத் தொடங்கியவர். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். இத்தனையும் செய்த மனிதர் 1882ல் காலமானது ஏற்காட்டில்தான். அவருடைய மருமகனும் ஏற்காட்டுவாசியே. அவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, ‘இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான்’ என்று உலகத்துக்குச் சொன்னவர். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது. எல்லோரும் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்க, இவர் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய தாத்தாவைத் தேடிப் போனார்!

இப்படிப்பட்ட ஆங்கிலேயர்களின் வாரிசுகளுக்கு ஒரு வசதி உண்டு. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்றைக்கும் அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அது போதாதென்று, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி, மாகாணம் முழுவதும் உள்ள ஐரோப்பியர் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1905ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். சேலத்தில் புதைத்த கொள்ளுத்தாத்தாவை லண்டனில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால், அதே ஏடுகளில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. தந்தை ஆங்கிலேயர், தாய் இந்தியப் பெண் என்றால், பல பதிவுகளில் தந்தையின் பெயர் மட்டுமே இருக்கும். தாயின் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அல்லது ‘உள்ளூர்ப் பெண்’ என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில், ஸ்காட்லாந்தில் இருக்கும் கிராமம் வரை தாத்தாவைத் தேடிப் போக முடிகிறது. பக்கத்து ஊர்ப் பாட்டியின் பெயர்தான் தெரியவில்லை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் பெயர் ஏற்காட்டுக் காப்பி வரலாற்றில் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. தோட்டத்தில் அந்தக் காப்பிச் செடியை நட்டவர்களின் பெயர் எந்த வரியிலும் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1850, 1860ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களைப் பெயரே போடாமல், வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று மட்டும் குறித்தார்கள். எஜமானின் பெயர்தான் முழுசாக இருந்தது.

சரி, அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் ஆங்கிலேய வேரை எப்படித் தேடுகிறார்கள்? நமக்கு மிகவும் பழக்கமான ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை என்றால் நினைவுக்கு வரும் டாக்டர் ஐடா ஸ்கடரின் குடும்பம்.

ஐடா 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஒரே இரவில், பிரசவ வலியில் துடித்த மூன்று பெண்களின் கணவன்மார் ஐடாவைத் தேடி வந்ததும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மறுத்ததால் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதும், அதனால் ஐடா மருத்துவம் படிக்கப் போனதும் பலர் அறிந்த கதை. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், 1793ல் நியூ ஜெர்சி மாநிலம் ஃப்ரீஹோல்டில் பிறந்தவர். நியூயார்க்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். இவருடைய மகன்கள் ஏழு பேருமே இங்கே மிஷனரிகளாக உழைத்தார்கள்.

ஜான் ஸ்கடரின் தாத்தா நத்தானியல் ஸ்கடரும் மருத்துவர். அமெரிக்காவின் கான்டினென்டல் காங்கிரஸ் சபையில் உறுப்பினராக இருந்து, 1781ல் சுதந்திரப் போரில் குண்டு பாய்ந்து இறந்தவர். அந்தச் சபை உறுப்பினர்களில் போரில் உயிர்விட்டவர் இவர் ஒருவரே என்று சொல்வார்கள். அவருக்கு முன்னோர் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் குடியிருந்தவர்கள். அதற்கும் முன்னால்? 1640களில் தாமஸ் ஸ்கடர் என்ற பெரியவர். அவர் குடியிருந்த ஊர்... சேலம்!

நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம். அந்தப் பெயர் பைபிளிலிருந்து எடுத்தது. நம் ஊர்ப் பெயருக்குச் சேரனையும் மலையையும் காரணம் சொல்வார்கள். ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனாலும், சேலத்தில் தொடங்கிய ஒரு குடும்பம், ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு சேலம் இருக்கும் நாட்டுக்கு வந்து சேர்ந்தது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

தாமஸ் ஸ்கடர் வரை வருவது பெரிய கஷ்டம் இல்லை. ஊர்ப் புத்தகம் இருக்கிறது, நிலப் பதிவு இருக்கிறது, 1657ல் அவர் எழுதிவைத்த உயில் இருக்கிறது. அதில் மனைவி, மகன்கள், மகள், இறந்துபோன ஒரு மகனின் பிள்ளை என எல்லோரும் வருகிறார்கள். வராத ஒரே விஷயம், ‘நான் இங்கிலாந்தில் இந்த ஊர்’ என்பதுதான். பெரும்பாலான அமெரிக்கக் குடும்பங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் இதுவே.

சுவரின் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 1538ல், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், ‘ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும்’ என்று உத்தரவு போட்டார்கள். எழுதினார்கள். எலி கடித்தது போக, நனைந்தது போக, மிச்சம் இருக்கிறது. ஆனால், அதில் ‘தாமஸ்’ என்று தேடினால் தடுக்கி விழும் இடமெல்லாம் தாமஸ். ஒரு குழந்தை இறந்துபோனால், அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பது அன்றைய வழக்கம். அதனால் 1600ல் பிறந்த தாமஸ்தான் நம்ம தாமஸ் என்று குதிக்கும் முன், அடுத்த பக்கத்தில் அவனுடைய அடக்கக் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25ல். ஆகவே ஏட்டில் ‘1657 ஜனவரி’ என்று இருந்தால், நம் கணக்கில் அது 1658. இது தெரியாமல், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக முன்னோர் மானத்தை வாங்கியவர்களும் உண்டு!

அடுத்த சிக்கல், உறவுமுறைச் சொற்கள். அன்றைய ஆங்கில உயில்களில் ‘பிரதர்’ என்றால் அண்ணன் தம்பியாக இருக்கலாம், மனைவியின் உடன்பிறந்தவராக இருக்கலாம், தங்கை கணவராகவும் இருக்கலாம். ‘கசின்’ என்றால் அண்ணன் மகனையும் குறிக்கும். நம் ஊரில் உயில் எழுதுகிறவர் மச்சினன், சகலை, ஒன்றுவிட்ட தம்பி, அத்தை பேரன் என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடுவார். ஒரு வார்த்தையிலேயே பாதி வம்சாவளி தெரிந்துவிடும்.

ஆனால், நமக்கு வேறொரு இடி. குடும்பப் பெயர் கிடையாது. இன்ஷியலில் அப்பா பெயரோடு சங்கிலி அறுந்துவிடுகிறது. அதை ஒட்டவைக்க நம்மிடம் இருப்பவை குலதெய்வம், ஊர்ப் பெயர், நிலப் பத்திரம், அப்புறம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் ‘பெயரன்’, அதுதான் பேரன். முத்துசாமி மகன் கந்தசாமி, கந்தசாமி மகன் முத்துசாமி என்று பத்திரங்களில் மாறி மாறி வரும்போது வெளியாட்கள் திணறிப்போவார்கள். அதே குழப்பம்தான் தேடுபவருக்குத் துருப்புச் சீட்டும்.

ஸ்கடர்களுக்கு வருவோம். இவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம், பெயர் அபூர்வமானது. ஸ்மித் என்றோ பிரவுன் என்றோ இருந்திருந்தால் தொலைந்தது. ஸ்கடர் என்ற பெயரோ இங்கிலாந்தின் தென்கிழக்கில் உள்ள கென்ட் மாவட்டத்தைக் கைகாட்டியது. ஆனால், ‘கென்ட்டில் ஒரு தாமஸ் ஸ்கடர் இருந்தார்’ என்பதால் மட்டும் அவர்தான் சேலத்துத் தாமஸ் என்று ஆகிவிடாது. இருவரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். அமெரிக்காவில் பணம் புழங்கத் தொடங்கிய காலத்தில், ‘என் முன்னோர் பிரபு வம்சம்’ என்று சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளும் ஆசை பிறந்தது. அதற்கென்றே கடை விரித்தார் குஸ்டாவ் ஆன்ஜூ. சுவீடனில் பிறந்தவர். ஒரு வம்சாவளிக்கு 9,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு, நிஜ ஆவணங்களுக்கு நடுவே இல்லாத உயிலையும் இல்லாத ஞானஸ்நானத்தையும் செருகிக் கொடுத்தார். 1942ல் அவர் இறந்த பிறகும் அவர் நட்ட போலி மரங்கள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இன்று இணையத்தில் ஒருவர் மரத்தை இன்னொருவர் அப்படியே காப்பி செய்கிறார்களே, அதில் ஆன்ஜூ சரக்கும் கலந்துதான் ஓடுகிறது.

நேர்மையான வழியைக் காட்டியவரும் ஒரு சேலத்துக்காரர்தான். மாசசூசெட்ஸ் சேலத்தில் பிறந்த ஹென்றி வாட்டர்ஸ். 1883ல் பாஸ்டன் வம்சாவளிச் சங்கம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அவர் பிறப்புப் பதிவுகளைத் துரத்துவதைவிட உயில்களைப் படிப்பதில் குறியாக இருந்தார். குவியல் குவியலான பழைய உயில்களில் ‘நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகனுக்கு’, ‘கடல் தாண்டிப் போன என் சகோதரிக்கு’ என்ற வரிகளைத் தேடினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு யார் வீட்டுப் பிள்ளை என்பதையே யாரும் அறியாமல் இருந்தார்கள். வாட்டர்ஸ்தான் உயில்களை வைத்து 1885ல் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். சொத்து விஷயத்தில் மனிதன் பெயரைத் தப்பாக எழுத மாட்டான் என்பது நம் பத்திர எழுத்தர்களுக்கும் தெரிந்த ரகசியம்.

ஸ்கடர் குடும்பத்துக்கு அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜேன் ஃபிளெச்சர் ஃபிஸ்க். 1997ல் ‘தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, தனி ஒரு ஆளைத் துரத்தவில்லை. குடியேறியவர்களின் சொந்தபந்த வலையையே விரித்துப் பார்த்தது. ஊரைவிட்டுக் கடல் கடந்தவர்கள் தனியாகப் போவதில்லை. மச்சான் போன ஊருக்கு மாப்பிள்ளை போவார், சித்தி போன கப்பலுக்கு அடுத்த கப்பலில் மருமகள் போவாள். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் நம்மவர்கள் அப்படித்தானே போனார்கள்! ஆகவே தாமஸைத் தேட வேண்டுமானால், தாமஸைச் சுற்றி இருந்தவர்களைத் தேட வேண்டும்.

வலையில் சிக்கியது என்ன? கென்ட்டில் ஹார்ட்டன் கிர்பி என்ற கிராமத்தைச் சுற்றி வாழ்ந்த ஸ்கடர்கள். சேலத்துக்குப் போன தாமஸுக்கு ஜான் என்று ஒரு சகோதரர். அதே மாவட்டத்தில் ஸ்ட்ரூட் என்ற ஊரில் வாழ்ந்தவர். இந்த ஜான் மணந்தது எலிசபெத் ஸ்டாட்டன் என்ற பெண்ணை. எலிசபெத்தின் சகோதரர் இஸ்ரேல் ஸ்டாட்டன் அமெரிக்காவுக்குப் போனவர். (இஸ்ரேலின் மகன் வில்லியம்தான் 1692ல் சேலத்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பத்தொன்பது பேரைத் தூக்கில் போட்ட வழக்குகளின் தலைமை நீதிபதி. வேரைத் தோண்டினால் கிழங்கும் வரும், பாம்பும் வரும்.) ஸ்ட்ரூட்டின் ஜானுக்கு மகன் ஒருவர், மகள் ஒருவர் அமெரிக்காவின் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரில் இருந்தார்கள். மகள் பெயரும் எலிசபெத். சேலம் ஸ்கடர்களும் பார்ன்ஸ்டபிள் ஸ்கடர்களும் எப்படிச் சொந்தம் என்ற நெடுநாள் கேள்விக்கு இப்படித்தான் விடை கிடைத்தது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்.

அந்த மகள் எலிசபெத் ஸ்கடர் 1644ல் சாமுவேல் லாத்ராப் என்பவரை மணந்தார். இங்கிலாந்தில் சிறையில் கிடந்துவிட்டு, 1634ல் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குப் போன ஜான் லாத்ராப் பாதிரியாரின் மகன் இந்தச் சாமுவேல். தம்பதி பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் ஊருக்குக் குடிபோனார்கள். அங்கே லாத்ராப் வம்சம் ஆல் போல் பெருகியது. அந்த வம்சத்தில், அதே நார்விச்சில் 1796ல் பிறந்தவர் ஹாரியட் லாத்ராப்.

ஹாரியட் யாரை மணந்தார்? அகராதி தந்த மிரன் வின்ஸ்லோவை. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ல் பெண்களுக்கென்று உறைவிடப் பள்ளி தொடங்கியவர் இந்த ஹாரியட். 1833ல் அங்கேயே இறந்தும் போனார். பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸுக்கு இவர் கொள்ளுப்பாட்டி. உடுவில் பாட்டி!

1819 ஜூன் 8 அன்று பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. அதில் புதுமணத் தம்பதியாக மிரன் வின்ஸ்லோவும் ஹாரியட்டும் இருந்தார்கள். டாக்டர் ஜான் ஸ்கடரும் மனைவியோடு அதே கப்பலில் இருந்தார். மாதக்கணக்கில் ஒரே கப்பலில் பயணம். பிறகு யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்க்கை. ஹாரியட் போன பிறகும், 1836ல் வின்ஸ்லோவும் ஸ்கடரும் சேர்ந்தேதான் சென்னைக்கு வந்தார்கள். இருவரும் இறந்ததும் ஒரே திசையில்தான். ஸ்கடர் 1855லும் வின்ஸ்லோ 1864லும் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் கண்மூடினார்கள்.

டாக்டர் ஜான் சேலத்துத் தாமஸின் வழி. ஹாரியட், தாமஸின் அண்ணன் தம்பி மகளான எலிசபெத்தின் வழி. அமெரிக்காவில் இந்த உறவுக்கு ‘இத்தனையாவது கசின்’ என்று நம்பர்தான் போடுவார்கள். நம் ஊர்ப் பாட்டி யாரிடமாவது இந்த மரத்தைக் கொடுத்துப் பாருங்கள். பெண் கொடுத்த வழி, அதனால் லாத்ராப்கள் அத்தை வீட்டார், ஸ்கடர்கள் மாமன் வீட்டார் என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தலைமுறைக் கணக்கு மட்டும் ஒத்துப்போனால், உடுவில் ஹாரியட்டம்மா நம்ம ஸ்கடர் டாக்டருக்கு அத்தை மகள் முறை! கப்பல் கிளம்பி, அந்தச் சொந்தத்தைத் துலக்கிக் காட்டிய கட்டுரை அச்சில் வர 178 வருஷம் ஆனது.